ஓர் உலையில் கண்ட கோளாறு எல்லா உலைக்கும் பாடமாகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஒரு பம்பு கம்பெனியின் சோதனைப் பிரிவில் 26 வருஷம் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு அணு உலைப் பாதுகாப்பைப் பற்றித் தேடிப் படிப்பதும், பள்ளிக்கூடங்களிலும் விவசாயிகள் கூட்டங்களிலும் அதைப் பேசுவதும் வழக்கமாகிவிட்டது. பேசி முடித்ததும் எழுந்து நின்று கேட்பார்களே, அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் தருகிறேன். கூடங்குளம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் இதில் இல்லை. இருக்கிற உலைகளில் தெரியவரும் குறைகளை யார் எழுதி வைக்கிறார்கள், யார் பின்தொடர்கிறார்கள், எப்போது தீர்ந்தது என்று சொல்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

பொதுப் பாதுகாப்புப் பிரச்சினை என்றால் என்ன?

ஓர் உலையில் மட்டும் உள்ள கோளாறு அந்த உலையின் தனிப் பிரச்சினை. அதே கோளாறு, அதே மாதிரி கட்டிய மற்ற உலைகளிலும் இருக்கக்கூடும் என்றால் அது பொதுப் பிரச்சினை.

என் வேலையிலிருந்து ஓர் உதாரணம். கோபிப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எங்கள் பம்பு ஒன்று திரும்பி வந்தது. பம்பின் வெளிக்கூடான கேசிங்கின் விளிம்பில் கசிவு. அறுத்துப் பார்த்தால் உள்ளே ஊசி நுழைகிற அளவில் ஒரு ப்ளோ ஹோல், அதாவது வார்க்கும்போது காற்று சிக்கி விழுந்த ஓட்டை. வேறு பம்பு கொடுத்துவிட்டால் போதும் என்றது விற்பனைப் பிரிவு. எங்கள் ஃபோர்மேன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது இந்தப் பீஸோட தப்பா, பேட்டர்னோட தப்பா?" பேட்டர்ன் என்பது வார்ப்பு அச்சு எடுக்கிற மாதிரி உரு. அதே வாரம் வார்த்த கேசிங்குகளை வார்ப்பு எண் பார்த்து எடுத்து அறுத்தோம். இன்னும் மூன்றில் அதே இடத்தில் ஓட்டை இருந்தது. உருக்கிய இரும்பு உள்ளே போகும் வழியை பேட்டர்னில் தப்பாக வைத்திருந்தார்கள்.

அணு உலைகளைக் கண்காணிக்கும் அமைப்பு கேட்க வேண்டியதும் இந்தக் கேள்வியைத்தான். பீஸின் தப்பா, பேட்டர்னின் தப்பா?

ஏனுங்க, நம்ம கொங்கு நாட்டுல அணு உலையே இல்லையே, இது நமக்கெதுக்கு?

கூடங்குளத்து மின்சாரம் திருநெல்வேலி வழியாக 400 கிலோவோல்ட் கம்பிகளில் உடுமலைக்கும், அங்கிருந்து அரசூருக்கும் வருகிறது. உங்கள் தறியும் என் வீட்டு மிக்ஸியும் அதில் ஓடுகின்றன. மின்சாரத்தை வாங்குகிறவனுக்கு அது எப்படி உற்பத்தியாகிறது என்று கேட்க உரிமை இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. உலைப் பாதுகாப்பில் பெரும்பகுதி பம்பு, வால்வு, கேபிள், டீசல் ஜெனரேட்டர் சமாசாரம். அதைப் பற்றி நியாயமாகக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் கோவையிலும் ஈரோட்டிலும் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

இப்படிப் பட்டியல் போடும் வழக்கம் எங்கே தொடங்கியது?

அமெரிக்காவில். அங்கே அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1975 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது. இரண்டே மாதம் கழித்து, மார்ச் 22 அன்று, அலபாமா மாநிலத்தில் பிரௌன்ஸ் ஃபெர்ரி நிலையத்தில் தீப்பிடித்தது. கேபிள்கள் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று தொழிலாளர்கள் மெழுகுவத்தியைக் காட்டிப் பார்த்தார்கள். சுடர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அங்கே கசிவு. ஓட்டையை அடைக்க வைத்திருந்த நுரை அந்தச் சுடரில் பற்றிக்கொண்டது. 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமாயின. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்க வேண்டிய கருவிகளின் கேபிள்கள் ஒரே வழியாக ஓடியதால், சேர்ந்தே செயலிழந்தன.

அந்தக் காலத்தில் இதுபோல விடை தெரியாத கேள்விகள் நிறைய இருந்தன. ஒவ்வொரு உலைக்கும் உரிமம் கொடுக்கும்போது "இது பொதுவான பிரச்சினை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைத்தார்கள். அந்தப் "பிறகு" வரவே இல்லை. 1977 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, தீராத பாதுகாப்புப் பிரச்சினைகளைக் குறிப்பிட்டு, அவற்றை ஆராயத் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஆணையத்துக்குக் கடமை விதித்தது.

1979 மார்ச் 28-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் எரிபொருள் உருகிய விபத்து நடந்தது. அதன் பாடங்களே ஒரு தனிப் பட்டியலாக நீண்டன. எல்லாவற்றையும் சேர்த்து, எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று தரம் பிரித்து 1983-இல் ஒரு பேரேடு வெளியிட்டார்கள். தீர்ந்தவையும் கைவிடப்பட்டவையும் காரணத்தோடு அதில் இருக்கின்றன. பட்டியலில் சேர்த்த வேகத்தைவிட, நீக்கிய காரணத்தை எழுதி வைத்த பழக்கத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒரு பிரச்சினை பட்டியலில் எப்படி ஏறுகிறது?

அமெரிக்க ஆணையத்தின் ஊழியர் எழுதலாம். வெளியாட்களும் எழுதலாம். முதலில் சலித்துப் பார்ப்பார்கள். மக்கள் பாதுகாப்பைத் தொடுகிறதா, ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்களுக்குப் பொருந்துமா, வேறு வழியில் ஏற்கெனவே கவனிக்கப்படுகிறதா, ஆபத்தை அளந்து சொல்ல முடியுமா, பிரச்சினை தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்பார்கள். தேறினால் ஓர் எண் கிடைக்கும். அப்புறம் ஆய்வு, கணக்கு, சோதனை. கடைசியில் நிலையங்களுக்குக் கடிதம், உத்தரவு அல்லது புது விதி.

எண் கிடைப்பதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எண் இல்லாத புகார் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், அதிகாரி மாற்றலானதும் காணாமல் போகும். எண் இருந்தால், பத்து வருஷம் கழித்து வருகிற ஆளும் "இது என்ன ஆச்சு?" என்று கேட்டாக வேண்டும்.

ஒரே ஒரு பிரச்சினையை முழுசாகச் சொல்லுங்கள், புரிகிற மாதிரி.

சரி, சல்லடை அடைத்த கதையைச் சொல்கிறேன். பம்புக்காரன் என்பதால் இதன்மேல் எனக்கு ஒட்டுதல் அதிகம்.

பொள்ளாச்சியானாலும் அந்தியூரானாலும் தோட்டக்காரர்களுக்கு இது தெரியும். கிணற்றில் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் எடுக்கவில்லை. பம்புக்குள்ளே ஜல்லியைப் போட்டு அரைப்பது போலச் சத்தம். பைப்பைத் தூக்கிப் பார்த்தால் அதன் அடியில் இருக்கும் புட்வால்வின் சல்லடைமேல் வேப்பிலையும் பாசியும் கம்பளி மாதிரி அப்பியிருக்கும். கையால் உரித்து எறிந்துவிட்டு இறக்கினால் தண்ணீர் கொட்டும்.

அணு உலையில் ஒரு பெரிய குழாய் உடைந்தால், அதிலிருந்து கொட்டும் நீரும் அவசரத்துக்குப் பாய்ச்சும் நீரும் கட்டடத்தின் அடியில் ஒரு பள்ளத்தில் சேரும். அதற்குப் பெயர் சம்ப். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குச் சொல்கிறோமே, அதே வார்த்தைதான். அங்கிருந்து பம்பு நீரை உறிஞ்சித் திரும்ப உலைக்குள் அனுப்ப வேண்டும். உலையை நிறுத்திவிட்டாலும் எரிபொருள் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும் என்பதால், இது நாள்கணக்கில் நிற்காமல் நடக்க வேண்டும். சம்ப்பின் வாயில் ஒரு சல்லடை. தோட்டத்தில் பைப்பைத் தூக்கிச் சுத்தம் செய்யலாம். விபத்து நடந்த உலைக் கட்டடத்துக்குள் யார் போவது?

சல்லடையில் பாதி அடைத்தாலும் பம்பு தாங்க வேண்டும் என்பது அமெரிக்காவின் பழைய விதி. அந்தக் கணக்கு போதாது என்று 1985-இலேயே தெரிந்தது. ஆனாலும் புதிதாகக் கட்டும் உலைகளுக்கு மட்டும் வழிகாட்டியைத் திருத்தினார்கள். ஓடிக்கொண்டிருந்த உலைகளுக்குத் தகவல் கடிதம் போனதோடு சரி. பிரச்சினை தீர்ந்தது என்று மூடினார்கள்.

1992 ஜூலை 28. ஸ்வீடனில் பார்செபெக் நிலையத்தின் இரண்டாம் உலையில் ஒரு பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்துகொண்டது. சீறிய நீராவி சுற்றியிருந்த குழாய்களின் வெப்பக்காப்பு உறையைக் கிழித்தது. கனிமப் பஞ்சு, சுமார் 200 கிலோ. அதில் ஒரு பகுதி நீரோடு போய்ச் சல்லடைகளை அடைத்தது. பத்து மணி நேரத்துக்குச் சல்லடையைத் தொடவே வேண்டாம் என்பது வடிவமைப்பின் கணக்கு. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனதுமே அடைத்துக்கொண்டது. ஊழியர்கள் நீரை எதிர்த்திசையில் செலுத்திச் சல்லடையைக் கழுவினார்கள். உலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஸ்வீடன் அரசு செய்ததைக் கவனியுங்கள். அதே மாதிரி சல்லடை இருந்த ஐந்து பழைய உலைகளை அந்த செப்டம்பரிலேயே நிறுத்தி, மாற்றம் செய்த பிறகே ஓட்டவிட்டது. பேட்டர்னின் தப்பு என்று புரிந்துகொண்டவர்கள் செய்கிற காரியம் இது.

அமெரிக்காவில் கொதிநீர் உலைகளுக்கு (உலைக்குள்ளேயே நீர் கொதித்து நீராவியாகும் வகை) 1996-இல் உத்தரவு போனது. அதே வருஷம் அழுத்த நீர் உலைகளுக்காக (நீரைக் கொதிக்கவிடாமல் அழுத்தத்தில் வைத்திருக்கும் வகை) பிரச்சினையைத் திரும்பவும் திறந்து 191 என்ற எண் கொடுத்தார்கள். 2004 செப்டம்பரில் எல்லா அழுத்த நீர் உலைகளுக்கும் கடிதம் போக, நிலையங்கள் சல்லடைகளைப் பல மடங்கு பெரிதாக்கின. பிரச்சினையை மூடியது 2019-இல்.

1996-இல் திறந்ததை 2019-இல் மூடினார்களா? இருபத்து மூன்று வருஷமா?

ஆமாம். எனக்கும் இது ஏற்றுக்கொள்ள முடியாத நீளமாகத்தான் படுகிறது. ஆனால் ஏன் நீண்டது என்பதில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

பஞ்சு அடைப்பதை மட்டும் பார்த்தால் கணக்கு எளிது. சல்லடையைப் பெரிதாக்கினால் போதும். சோதனைக் கூடத்தில் நிஜமாகச் செய்து பார்த்தபோது வேறொன்று வெளிப்பட்டது. உலைக் கட்டடத்துக்குள் அலுமினியப் பொருள்கள் இருக்கின்றன. விபத்து நீரின் காரத்தன்மையைச் சரிப்படுத்த ரசாயனம் சேர்க்கிறார்கள். சூடான அந்த நீரில் அலுமினியமும் சில உறைகளின் கால்சியமும் கரைந்து, ஆறும்போது கஞ்சியில் ஆடை படிவது போல வழவழப்பான படிவாகத் திரிகின்றன. பஞ்சுமேல் அந்தப் படிவு உட்கார்ந்தால், மெல்லிய அடுக்கே நீரை நிறுத்திவிடும். அடுத்த கேள்வி உடனே வந்தது: சல்லடையைத் தாண்டிப் போகிற மெல்லிய நார் எரிபொருள் கட்டுகளுக்கு நடுவே போய் அடைத்தால்? கடைசி வருஷங்களை இழுத்தது இந்தக் கேள்விதான்.

இடைப்பட்ட காலத்தில் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊழியர் பயிற்சியும் அவசரகால வழிமுறைகளும் மாறின. உலைக் கட்டடத்துக்குள் குப்பை, டேப், பெயின்ட் உரிசல் சேராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பல இடங்களில் பஞ்சு உறைகளை மாற்றினார்கள். முழுத் தீர்வு வரும் வரை தற்காலிக ஏற்பாடு என்ன என்பதையும் பேரேட்டில் எழுதியாக வேண்டும்.

"தீர்ந்தது" என்று எப்போது சொல்லலாம்?

தீர்ந்தது என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று படிகள் இருக்கின்றன. விடை தெரிந்துவிட்டது என்பது முதல் படி. நிலையங்கள் அதைச் செய்துவிட்டன என்பது இரண்டாவது. செய்ததை வேறொருவர் நேரில் போய்ச் சரிபார்த்துவிட்டார் என்பது மூன்றாவது. முதல் படியிலேயே கோப்பை மூடினால் என்ன ஆகும் என்பதற்கு 1985-இல் மூடிய சல்லடைக் கோப்பே சாட்சி.

இன்னொரு சாட்சி ஓஹியோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி நிலையம். எரிபொருள் இருக்கும் உலைக்கலத்தின் மூடியைத் துளைத்துப் போகும் குழல்களில் வெடிப்பு வரலாம் என்பது 1991-இல் பிரான்ஸின் புஜே நிலையத்தில் தெரிந்தது. அமெரிக்க ஆணையம் 1997-இல் கடிதம் எழுதியது. 2001-இல் இன்னும் கடுமையாக எழுதி, ஆபத்து அதிகமுள்ள நிலையங்கள் வருஷக் கடைசிக்குள் சோதிக்க வேண்டும் என்றது. டேவிஸ்-பெஸ்ஸி நிர்வாகம் அவகாசம் கேட்டது. ஆணையம் 2002 பிப்ரவரி நடு வரை விட்டுக்கொடுத்தது. மார்ச் மாதம் மூடியைப் பார்த்தால், உலை நீரில் கலந்திருந்து கசிந்த போரிக் அமிலம் ஆறு அங்குலத்துக்கு மேல் தடிமனான எஃகை அரித்துக் குழியாக்கியிருந்தது. உயர் அழுத்தத்தைத் தாங்கி மிஞ்சியிருந்தது, உட்பக்கத்துத் துருப்பிடிக்காத எஃகுப் பூச்சு மட்டும். அதன் தடிமன் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு.

பேரேட்டில் பிரச்சினை இருந்தது, கடிதமும் போனது, பதிலும் வந்தது. மூடியின் மேல் படிந்திருந்த துருநிற உப்பை யாரும் வழித்துப் பார்க்கவில்லை. கோப்பில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதுதான் நேரில் போய்ப் பார்க்கிற ஆள் அதிகம் தேவை.

நம் நாட்டில் யார் பார்க்கிறார்கள்?

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1983 நவம்பர் 15-இல் அமைக்கப்பட்டது, தலைமையகம் மும்பை. ஓடும் உலைகளை ஆராய அதற்குத் தனிப் பாதுகாப்புக் குழு உண்டு. முக்கியமான நிகழ்வுகளை நிலையங்கள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமம் அதிகபட்சம் 5 வருஷத்துக்கு. 10 வருஷத்துக்கு ஒருமுறை முழுப் பாதுகாப்புப் பரிசீலனை. சர்வதேச அணுசக்தி முகமை, சாதாரண நீரில் ஓடும் இலகுநீர் உலைகளின் பொதுப் பிரச்சினைகளை 1998-இல் தொகுத்தது. கனமான ஹைட்ரஜன் கொண்ட நீரைப் பயன்படுத்தும், இந்தியாவிலும் கனடாவிலும் அதிகமுள்ள கனநீர் உலைகளுக்கென்று 2007-இல் தனித் தொகுப்பு வந்தது.

கனநீர் உலைகளில் பெரிய உதாரணம் எரிபொருளை வைக்கும் அழுத்தக் குழாய். 1983 ஆகஸ்டில் கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் அப்படி ஒரு குழாய் நீளவாக்கில் பிளந்தது. ஜிர்கலாய்-2 என்ற உலோகம் வருஷக்கணக்கில் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடைகிறது. குழாயைத் தாங்கும் வளையங்கள் இடம் மாறியதால் குழாய் தொய்ந்து, வெளியே இருக்கும் குளிர்ந்த குழாயைத் தொட்டது. தொட்ட இடத்தில் ஹைட்ரஜன் திரண்டு கொப்புளம் கட்டியது. நம் ராஜஸ்தான் இரண்டாம் உலையிலும் கல்பாக்கத்து இரண்டு உலைகளிலும் இருந்தது அதே உலோகம். ராஜஸ்தானில் 1994-இல் உலையை நிறுத்தியும், கல்பாக்கத்தில் 2002 முதலும், உலைக்கு 306 வீதம் அத்தனை குழாய்களையும் கழற்றி, ஜிர்கோனியம்–நியோபியக் கலவைக் குழாய்களைப் பொருத்தினார்கள். கனடாவில் கண்ட குறைக்காக நம் உலைகளின் குடலையே மாற்றினோம். இதைச் செய்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

பாராட்டு மட்டும்தானா?

இல்லை. 1993 மார்ச் 31 அதிகாலை, உத்தரப் பிரதேசத்தில் நரோரா. முதல் உலையின் நீராவிச் சுழலியில் இரண்டு தகடுகள் முறிந்து பறந்தன. அதிர்வில் ஜெனரேட்டரின் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது, எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. மாற்று மின்சாரத்துக்கான கேபிள்களும் அந்தப் பக்கமாகவே ஓடியதால் அவையும் கருகின. சுமார் 17 மணி நேரம் நிலையத்தில் மின்சாரம் இல்லை. ஊழியர்கள் டார்ச் வெளிச்சத்தில் மேலே ஏறிப் போய் அணுப்பிளவை அடக்கும் போரான் கரைசலைக் கையால் திறந்துவிட்டார்கள். டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளைக் கொண்டு நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். உலை தப்பியது.

அதற்குப் பிறகு மற்ற உலைகளின் தகடுகளைச் சோதித்தார்கள், வடிவமைப்பை மாற்றினார்கள், கேபிள்களைப் பிரித்துத் தீத்தடுப்பு வைத்தார்கள். ஆனால் கேபிள்களை ஒரே வழியில் விடக்கூடாது என்பது பிரௌன்ஸ் ஃபெர்ரியில் 1975-இலேயே தெரிந்த பாடம். நடுவில் 18 வருஷம். அந்த அதிகாலையில் இருட்டில் ஏணி ஏறியவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. அவர்கள் ஏறியிருக்கவே வேண்டியதில்லை.

வாரியத்தின் சுதந்திரம் பற்றியும் கேட்கிறார்கள். அப்போது தனிச் சட்டம் இல்லாமல் அரசாணையால் அமைந்திருந்த வாரியத்துக்குப் போதிய அதிகாரம் இல்லை என்று 2012-இல் மத்தியத் தணிக்கை அறிக்கை குறை சொன்னது. வாரியத்துக்குப் பதிலாகச் சட்டப்படி ஓர் ஆணையம் அமைக்க 2011-இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறாமல் காலாவதியானது. தப்பைக் கண்டுபிடிக்கிறவன் சம்பளத்துக்கும் பதவிக்கும் தப்புச் செய்தவனை எதிர்பார்க்கக் கூடாது. எங்கள் சோதனைப் பிரிவு உற்பத்தி மேலாளருக்குக் கீழே இருந்த வருஷங்களும் உண்டு, தனியாக இருந்த வருஷங்களும் உண்டு. வித்தியாசம் எனக்குத் தெரியும்.

வெள்ளம், சுனாமி எல்லாம் பட்டியலில் உண்டா?

உண்டு. மேட்டூர் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டால் பவானி, ஈரோடு கரையோரம் தண்டோராப் போடுகிறார்கள். அணையே உடைந்தால் கீழே உள்ள அணு உலை என்னவாகும் என்ற கேள்வி அமெரிக்காவில் 2010-இல் எழுந்து 204 என்ற எண் பெற்றது. 2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமியால் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்ததும் அதையும் நிலநடுக்கம் பற்றிய 199-ஐயும் பெரிய மறு ஆய்வோடு சேர்த்தார்கள்.

நமக்கும் அனுபவம் இருக்கிறது. 1994 ஜூனில் குஜராத்தின் காக்ரபாரில் மழை வெள்ளம் சுழலிக் கட்டடத்துக்குள் புகுந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்பாக்கத்தின் பம்பு அறைக்குள் கடல்நீர் வந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். ஃபுகுஷிமாவுக்குப் பிறகு வாரியம் தன் முன்னாள் தலைவர் எஸ்.கே. சர்மா தலைமையில் குழு அமைத்தது. வெளியிலிருந்து தண்ணீர் செலுத்தும் இணைப்புகள், நகர்த்தக்கூடிய ஜெனரேட்டர்கள் போன்றவை அதன் தொடர்ச்சியாக வந்தன.

பட்டியல் நீளமாக இருந்தால் பயப்பட வேண்டாமா?

பட்டியல் காலியாக இருந்தால்தான் பயப்படுவேன்.

சாதாரண ஆள் என்ன செய்யலாம்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம் கட்டி வாரியத்துக்கு எழுதலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். நாட்டின் பாதுகாப்பைத் தொடும் விவரங்களைத் தர மறுக்கலாம், அது சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் "உலை பாதுகாப்பாக இருக்கிறதா?" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். "ஆம்" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்: வேறு நாட்டு உலையில் நடந்த இன்ன நிகழ்வு நம் உலைகளுக்குப் பொருந்துமா என்று ஆராய்ந்தீர்களா? எந்தத் தேதியில்? என்ன முடிவு? எந்த உலையில் வேலை முடிந்தது, எதில் பாக்கி? நேரில் போய்ச் சரிபார்த்தது யார், எப்போது?

வாரியத்தின் ஆண்டறிக்கை அதன் இணையதளத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடைக்கிறது. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் உலைகள் இருக்கும் மாநிலத்துக்கு அது தமிழிலும் வர வேண்டும், தீராத பிரச்சினைகளுக்கு எண் போட்டு வர வேண்டும். இதைக் கேட்டு நான் எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள்.